நூறு டிஸ்க்கும் ஒரு மலைச்சரிவும்

இலங்கை மலையகத்தில் தேயிலைக் கம்பனி ஒன்று தன் பெக்டரிகள், களஞ்சியங்கள், நுழைவாயில்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 100 கெமரா பொருத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் நொடிக்கு 4 மெகாபிட் அளவில் பதிவு செய்தால் ஒரு கெமராவுக்கு ஒரு நாளில் 43 ஜிகாபைட் போய்விடும். நூறும் சேர்ந்தால் நாளொன்றுக்கு 4.3 டெராபைட். 90 நாள் பதிவு கையிருப்பில் இருக்க வேண்டும் என்று காப்புறுதிக்காரர் கேட்டால் 390 டெராபைட்டுக்கு இடம் தேட வேண்டும். நிறைய ஹார்ட் டிஸ்க்குகளை ஒரே பெட்டிக்குள் அடுக்கும் அடர்சேமிப்பு சர்வர் இதற்கு உதவுமா என்பதுதான் இங்கே பேச்சு.

இது கெமராக் கணக்கு மட்டும்தான். மண்சரிவு அபாயமுள்ள சரிவுகளை அளக்கப் பறக்கவிடும் ட்ரோன்கள் ஒவ்வொரு தடவையும் ஆயிரக்கணக்கான படங்களோடு இறங்குகின்றன. கண்டி, பதுளை, நுவரெலியா ஆஸ்பத்திரிகளில் ஸ்கேன் படங்கள் குவிகின்றன. பேராதனைப் பல்கலைக்கழகம் போன்ற இடத்தில் மரபணு ஆய்வு செய்பவர்களுக்கு ஒரு மாதிரியின் தரவே நூறு ஜிகாபைட்டைத் தாண்டலாம். இவற்றோடு, மலையக மக்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றும் இருக்கிறது: பழைய செக்ரோல் புத்தகங்கள் (தோட்டத் தொழிலாளரின் வேலைநாள், சம்பளப் பதிவேடுகள்), பிறப்பு இறப்புப் பதிவுகள், சேமலாப நிதிக் கணக்குகள். அவற்றைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

இவ்வளவையும் எங்கே வைப்பது? கிளவுட்டில், அதாவது இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் வேறொருவரின் சர்வரில், போடலாம் என்பதுதான் இப்போது முதலில் வரும் பதில். பல வேலைகளுக்கு அது நல்ல பதிலும்கூட. ஆனால் மலையகத்தில் இந்தப் பதிலை இரண்டு இடங்களில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது இணைப்பு. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவேற்றும் இணைப்பு ஒன்று இரவு பகல் தடையில்லாமல் ஓடினாலும் ஒரு நாளில் 1.08 டெராபைட்டைத்தான் அனுப்பும். நம் நூறு கெமராவோ அதைப்போல நான்கு மடங்கை உற்பத்தி செய்கிறது. ஏற்கெனவே சேர்ந்துவிட்ட 390 டெராபைட்டை அந்த வழியில் அனுப்ப ஏறக்குறைய ஒரு வருடம் பிடிக்கும். பத்து மடங்கு வேகமான இணைப்பு கிடைத்தால் ஐந்து கிழமை. அதுவும் கம்பி அறுந்து விழாத ஐந்து கிழமையாக இருக்க வேண்டும்.

இரண்டாவது டொலர். பெரிய கிளவுட் நிறுவனங்களின் தரவு நிலையங்கள் நமக்குப் பக்கத்தில் என்றால் இந்தியாவிலும் சிங்கப்பூரிலும்தான் இருக்கின்றன. எப்போது கேட்டாலும் உடனே கிடைக்கும் வகைச் சேமிப்புக்கு ஒரு ஜிகாபைட்டுக்கு மாதம் இரண்டு முதல் இரண்டரை அமெரிக்க சதம் வரை ஆகும். 390 டெராபைட்டுக்கு இது மாதம் 9,000 டொலர் அளவில் வந்து நிற்கும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய் சொச்சம். மே மாதத்தில் 360 ரூபாய். அதே சேமிப்பு, அதே கோப்புகள், ஆனால் மாதம் 18 இலட்சம் ரூபாயாக இருந்த பில் பத்தே கிழமையில் 32 இலட்சமாகிவிடும். எப்போதாவது மட்டும் திறக்கும் கோப்புகளுக்கு மலிவான வகைகள் உண்டு. அவற்றிலிருந்து தரவைத் திரும்ப எடுக்கும்போது தனிக் கட்டணம் வரும். தேயிலையை டொலருக்கு விற்கும் கம்பனிக்கு இந்த அதிர்ச்சி ஓரளவு ஈடாகலாம். ரூபாயில் நிதி பெறும் ஆஸ்பத்திரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அப்படி ஈடுகட்ட எதுவும் இல்லை.

ஆகவே பெருந்தரவைச் சொந்தக் கட்டடத்தில் வைத்துக்கொள்ளும் யோசனை இங்கே பழமைவாதம் இல்லை. அதைச் செய்வதற்கென்றே வந்த கருவிதான் அடர்சேமிப்பு சர்வர்.

இதன் அமைப்பைப் பார்ப்போம். சர்வர் அறைகளில் நிற்கும் ராக் எனப்படும் இரும்புச் சட்டகம் உலகம் முழுக்க ஒரே அளவுமுறையில் வருகிறது. அதன் உயரத்தை 'யு' என்ற அலகால் அளக்கிறார்கள். ஒரு யு என்பது 44.45 மில்லிமீட்டர். வழக்கமான ராக்கில் 42 யு இருக்கும். சாதாரண சர்வரில் டிஸ்க்குகளை முன்பக்கமாகச் செருகுவார்கள். 2 யு உயரமுள்ள பெட்டியின் முகப்பில் பெரிய டிஸ்க் பன்னிரண்டுக்கு மேல் பிடிக்காது. அடர்சேமிப்பில் பெட்டியின் முழு ஆழமும் பயன்படுகிறது. மேசை லாச்சியை இழுப்பதுபோலப் பெட்டியை ராக்கிலிருந்து வெளியே இழுத்தால், உள்ளே டிஸ்க்குகள் வரிசை வரிசையாகச் செங்குத்தாக நிற்கும். பழுதானதை மேலாகப் பிடுங்கிவிட்டுப் புதியதை இறக்கலாம். சர்வரை நிறுத்தத் தேவையில்லை.

2009இல் பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 4 யு பெட்டிக்குள் 45 டிஸ்க் வைக்கும் தன் வடிவமைப்பை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டது. அப்போது டிஸ்க் ஒன்று 1.5 டெராபைட், பெட்டி முழுவதும் 67 டெராபைட். இன்று அதே உயரத்தில் 60, 90 டிஸ்க் வைக்கும் பெட்டிகள் சாதாரணம். வெஸ்டர்ன் டிஜிட்டலின் பெட்டி ஒன்று 102 டிஸ்க்கும் சீகேட்டின் பெட்டி ஒன்று 106 டிஸ்க்கும் கொள்ளும். 24 டெராபைட் டிஸ்க்குகளாக நூறு போட்டால் 2,400 டெராபைட், அதாவது 2.4 பெட்டாபைட். அது 18 சென்டிமீட்டர் உயரத்துக்குள் அடங்கிவிடுகிறது. இந்தப் பெட்டிகளில் சில, புரொசசரும் மெமரியும் தனக்குள்ளேயே கொண்ட முழு சர்வர்கள். மற்றவை வெறும் டிஸ்க் கூடுகள். பக்கத்தில் ஒரு சர்வர் நின்று கேபிள் வழியாக அவற்றை ஆளும். விலைப்பட்டியலில் இரண்டும் ஒரே மாதிரித் தெரியும் என்பதால் எது எது என்று கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

சரி, இவ்வளவு சிறிய இடத்தில் இவ்வளவு தரவை அடைக்க முடிகிறது என்றால் அதற்கு விலையாக எதைக் கொடுக்கிறோம்?

முதலில் பாரம். ஒரு டிஸ்க் 700 கிராம் அளவில் இருக்கும். நூறு டிஸ்க் என்றால் அதுவே 70 கிலோ. பெட்டியையும் சேர்த்தால் 100 கிலோவைத் தாண்டிவிடும். இப்படி எட்டுப் பெட்டி நிற்கும் ராக் ஒரு தொன் அளவில் வரும், அதுவும் ஒரு சதுர மீட்டருக்கும் குறைவான நிலத்தின் மேல். மலையகத்தில் பல தோட்ட அலுவலகங்களும் பங்களாக்களும் வெள்ளைக்காரன் காலத்துப் பலகைத் தளங்கள். பெக்டரிகளின் மேல்தளங்கள் கொழுந்து வாட்டுவதற்காகக் கட்டப்பட்டவை. அங்கே இந்தப் பாரத்தை ஏற்றக் கூடாது. தரைத்தளம், கொங்கிரீட், பொறியியலாளர் பார்த்துச் சொன்ன இடம் என்று இருக்க வேண்டும். பெட்டியை ராக்கில் ஏற்றும்போதும் டிஸ்க் இல்லாத வெறும் பெட்டியை முதலில் ஏற்றி, பிறகு டிஸ்க்குகளைப் போடுவதுதான் முறை. ராக்கின் அடியிலிருந்து மேலாக நிரப்ப வேண்டும். நிரம்பிய ஒரு பெட்டியை உச்சியில் வைத்து வெளியே இழுத்தால் ராக் முழுவதுமே முன்னால் சாயும்.

அடுத்தது அதிர்வு. நவீன டிஸ்க்கில் தரவை எழுதும் அடுத்தடுத்த தடங்களுக்கு இடையிலான தூரம் ஒரு தலைமயிரின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தத் தடத்தின் மேல் வாசிப்புமுனை நிலைத்து நிற்க வேண்டும், பக்கத்தில் 99 டிஸ்க்குகளும் விசிறிகளும் சுழன்றுகொண்டிருக்கும்போதே. 2008இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பொறியியலாளர் பிரெண்டன் கிரெக் டிஸ்க் அடுக்கு ஒன்றின் முன்னால் உரக்கக் கத்தி, அந்தச் சத்தத்துக்கே டிஸ்க்குகள் தடுமாறித் தாமதமாவதைத் திரையில் காட்டினார். 2016 செப்டெம்பரில் ருமேனியாவின் புக்கரெஸ்டில் ஐஎன்ஜி வங்கியின் தரவு நிலையத்தில் தீயணைப்பு வாயுவைச் சோதனைக்காகத் திறந்தபோது, அது வெளிப்பட்ட பேரொலியிலேயே பல டிஸ்க்குகள் பழுதாகி வங்கிச் சேவை மணிக்கணக்கில் நின்றது. ஆகவே ரோலர்களும் சலிப்பு இயந்திரங்களும் ஓடும் கட்டடத்திலேயே ஓர் அறையை ஒதுக்கி இந்தப் பெட்டியை வைப்பது நல்ல யோசனை இல்லை. தேயிலைத் தூசும் விறகுப் போறணையின் புகையும் அதற்கு மேலதிகக் காரணங்கள்.

வெப்பமும் ஈரப்பதமும் மலைநாட்டுக்கே உரிய விஷயம். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இங்கே பலரும் தவறான பக்கத்தில் நிம்மதி அடைகிறார்கள்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவில் நிற்கும். 'குளிர்தானே, ஏசி எதற்கு, யன்னலைத் திறந்தால் போதும்' என்ற பேச்சு இதனால் எழுகிறது. இரண்டு விஷயங்கள் இதில் விடுபட்டுப் போகின்றன. ஒன்று, அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. அதே வேகத்தில் சுற்றும் விசிறி அங்கே குறைந்த வெப்பத்தையே அள்ளிக்கொண்டு போகும். தரவு நிலையங்களுக்கான வழிகாட்டிகளை வெளியிடும் ஆஷ்ரே அமைப்பு, சாதாரண வகை சர்வர்களுக்கு 900 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் அனுமதிக்கும் உச்ச வெப்பநிலையை ஒரு பாகை குறைக்கச் சொல்வது இதனால்தான். நுவரெலியாவுக்கு இது மூன்று பாகை. குளிர் அதைச் சுலபமாக ஈடுசெய்துவிடும். டிஸ்க்குகளும் பொதுவாக 3,000 மீட்டர் வரை ஓடும்படி செய்யப்பட்டவை. உயரத்தைப் பற்றி அவ்வளவுதான் கவலை.

மற்றது ஈரம். அதுதான் உண்மையான எதிரி. மைக்ரோசொஃப்ட்டின் ஒன்பது தரவு நிலையங்களின் பதிவுகளை ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தினரும் அந்த நிறுவனத்தினரும் சேர்ந்து ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். வெளிக்காற்றால் குளிர்விக்கும் இடங்களில் டிஸ்க் பழுதாவதில் வெப்பநிலையைவிட ஈரப்பதமே பெரிய பங்கு வகிக்கிறது என்பது அவர்களின் முடிவு. ஈரம் முக்கியமாகத் தாக்குவது டிஸ்க்கின் மின்சுற்றையும் இணைப்புகளையும். ஹீலியம் வாயு நிரப்பி முழுதாக மூடிய டிஸ்க்குகள் 2013 முதல் சந்தையில் இருக்கின்றன. பெரிய கொள்ளளவு டிஸ்க்குகள் இன்று பெரும்பாலும் இந்த வகைதான். அவற்றின் உட்புறம் பத்திரம். ஆனால் வெளியே இருக்கும் மின்பலகை அதே பனிமூட்டத்தைத்தான் சுவாசிக்கிறது.

இதற்கான தீர்வு தேயிலை பெக்டரியில் வேலை செய்த எவருக்கும் புதிதாக இருக்காது. மழைக்காலத்தில் வாட்டுத் தொட்டிக்குள் வெளிக்காற்றை அப்படியே விட்டால் கொழுந்து வாடாது. கொஞ்சம் சூடேற்றி அனுப்ப வேண்டும், அப்போதுதான் ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கும் (ஈரக்குமிழ்) சாதாரண வெப்பமானிக்கும் (உலர்குமிழ்) இடையே தேவையான வித்தியாசம் கிடைக்கும். சர்வர் அறையிலும் அதே பௌதிகம்தான். 16 பாகையில் 90 சதவீத ஈரப்பதமுள்ள காற்றை, ஒரு துளி நீரும் சேர்க்காமலும் எடுக்காமலும், 24 பாகைக்குச் சூடேற்றினால் அதன் சார் ஈரப்பதம் 55 சதவீதத்துக்கு இறங்கிவிடும். இந்தச் சூட்டுக்கு விறகு தேவையில்லை. நூறு டிஸ்க் பெட்டி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு கிலோவாட் அளவில் வெப்பத்தை வெளியேற்றும். பின்பக்கத்தால் வரும் அந்தச் சூட்டுக் காற்றில் ஒரு பகுதியை, உள்ளே வரும் குளிர்காற்றோடு அளவாகக் கலந்துவிட்டால் போதும். வடிகட்டி, தானாகத் திறந்து மூடும் தகடு, ஈரப்பதமானி ஆகிய மூன்றும் வேண்டும். உள்ளே வரும் காற்றின் பனிபடு நிலை (ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 15 பாகையைத் தாண்டும் நாட்களில் வெளித்தகட்டை மூடிவிட்டு ஏசியால் ஈரத்தை உறிஞ்ச வேண்டும். சர்வர் நின்றுபோகும் இரவுகள்தான் மிக ஆபத்தானவை. சூடு இல்லாத இரும்பின் மேல் ஈரக்காற்று படிந்து துளியாகிவிடும். அதனால் மின்சாரம் போனவுடன் வெளித்தகடு தானாக மூடிக்கொள்ளும் வகையாக இருக்க வேண்டும். லொறியில் குளிரோடு வந்திறங்கிய புது டிஸ்க்கையும் உறையைப் பிரிக்காமல் ஒரு நாள் அறையில் வைத்துவிட்டுத்தான் செருக வேண்டும்.

மின்சாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டை அனுபவித்தவர்கள் நாம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஏற்பட்ட கோளாறில் நாடே இருண்டது. மின்சாரம் போன கணத்தில் பெட்டரியால் தாங்கிப்பிடிக்கும் யுபிஎஸ்ஸும் ஜெனரேட்டரும் இல்லாமல் இந்தப் பெட்டியை வாங்குவதில் அர்த்தம் இல்லை. கவனிக்க வேண்டியது, டிஸ்க் சுழலத் தொடங்கும் கணத்தில் வழக்கமான ஓட்டத்தைவிட மூன்று நான்கு மடங்கு மின்சாரம் இழுக்கும் என்பது. நூறும் ஒரே நேரத்தில் எழுந்தால் யுபிஎஸ் தாங்காது. குழுக் குழுவாக எழும்படி அமைக்க வேண்டும். மலையில் ஜெனரேட்டரின் வலுவும் குறையும் என்பதால், கொழும்பு விலைப்பட்டியலில் உள்ள கிலோவோல்ட் அம்பியரை அப்படியே நம்பக் கூடாது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடி முழங்கும் நாட்களுக்காக மிகையழுத்தக் காப்பும் சரியான பூமித் தொடுப்பும் வேண்டும். பாறை நிலத்தில் ஒரு கோலை அடித்துவிட்டு வேலை முடிந்தது என்று போக முடியாது. அப்புறம், யுபிஎஸ் பெட்டரிகளை டிஸ்க் இருக்கும் அறையில் வைக்கவே கூடாது. இதற்கான காரணம் கொரியாவிலிருந்து வருகிறது; சற்றுப் பின்னால் சொல்கிறேன்.

இனி மீள்கட்டல். அடர்சேமிப்பில் நான் அதிகம் அஞ்சும் இடம் இதுதான்.

டிஸ்க்குகள் பழுதாகும். பேக்பிளேஸ் வருடாவருடம் வெளியிடும் கணக்கின்படி 2024இல் பழுது வீதம் ஒன்றரை சதவீதத்துக்குச் சற்று மேல். 60 டிஸ்க் பெட்டியில் வருடத்துக்கு ஒன்று போகும் என்று எதிர்பார்ப்பது நியாயம். போன டிஸ்க்கில் இருந்ததை மற்ற டிஸ்க்குகளிலிருந்து கணித்துப் புது டிஸ்க்கில் எழுத வேண்டும். 24 டெராபைட்டை நொடிக்கு 250 மெகாபைட் வேகத்தில் எழுதினாலும் 26 மணிநேரத்துக்கு மேல் ஆகும். அது பெட்டிக்கு வேறு வேலையே இல்லாத போதுதான். வழக்கமான வேலையும் சேர்ந்து ஓடினால் பல நாட்கள். அந்த நாட்கள் முழுக்க மிச்ச டிஸ்க்குகள் எல்லாம் கடுமையாக உழைக்கின்றன. பெரும்பாலும் அவை எல்லாம் ஒரே தொகுதியில் உற்பத்தியாகி ஒரே நாளில் ஓடத் தொடங்கியவை. தரவைப் பல டிஸ்க்குகளில் பாதுகாப்புத் தகவலோடு பரப்பி எழுதும் முறைக்கு ரெய்ட் என்று பெயர். அதில் ஒரு டிஸ்க் பழுதைத் தாங்கும் ரெய்ட் 5 முறை இந்த அளவில் போதவே போதாது. இரண்டு பழுதைத் தாங்கும் ரெய்ட் 6 குறைந்தபட்சம். மூன்றைத் தாங்கும் முறை இன்னும் நிம்மதி. 2021இல் ஓபன் இசட்எஃப்எஸ் என்ற சேமிப்பு மென்பொருளின் 2.1 பதிப்போடு வந்த டிரெய்ட் போன்ற முறைகளில் மாற்று இடம் ஒரே டிஸ்க்கில் காத்திராமல் எல்லா டிஸ்க்கிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவியிருக்கும். மீள்கட்டும்போது எல்லா டிஸ்க்கும் சேர்ந்து எழுதுவதால் நேரம் வெகுவாகக் குறைகிறது. டிஸ்க் வாங்கும்போது தடங்களை ஒன்றின்மேல் ஒன்று சற்றே படியும்படி எழுதும் எஸ்எம்ஆர் வகையைத் தவிர்க்க வேண்டும். மீள்கட்டலில் அது ஊர்ந்துதான் போகும். 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் சிவப்பு வரிசை டிஸ்க்குகள் சில சொல்லாமலே இந்த வகைக்கு மாறியிருந்தது தெரியவந்து பெரிய சச்சரவானது.

மாற்று டிஸ்க்குகளை முதல் நாளிலேயே வாங்கி அறையில் வைத்திருக்க வேண்டும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கொழும்பில் கையிருப்பு இல்லையென்றால் கப்பலில் வர வேண்டும். கொழும்பு-அட்டன் வீதியிலுள்ள கினிகத்தேனையில் மண் சரிந்து வீதி மூடினால் கொழும்பில் இருப்பதும் வராது.

நம் கம்பனியின் 390 டெராபைட்டுக்கு என்ன வேண்டும்? எட்டு டிஸ்க் தரவுக்கு இரண்டு டிஸ்க் பாதுகாப்பு என்ற விகிதத்தில் போனால் 490 டெராபைட் அளவில் வரும். ஐந்தில் ஒரு பங்கை வெறுமையாக விட்டுவைப்பது நல்லது என்பதால் 610 டெராபைட். 24 டெராபைட் டிஸ்க் இருபத்தாறு. அதாவது 60 டிஸ்க் பெட்டியில் பாதிகூட நிரம்பவில்லை. மலையகத்தின் பெரும்பாலான நிறுவனங்களுக்கு நூறு டிஸ்க் பெட்டி தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. 60 டிஸ்க் பெட்டியைப் பாதி நிரப்பி வாங்குங்கள். மிச்சப் பணத்தில் அதேபோல இன்னொன்றை வாங்கி வேறோர் இடத்தில் வையுங்கள்.

ஏன் இரண்டாவது பெட்டி? அடர்த்தி தரும் வசதியின் மறுபக்கம், இழப்பும் அதே அடர்த்தியில் வரும் என்பது. 2025 செப்டெம்பர் 26ஆம் திகதி தென் கொரியாவின் தேஜோன் நகரிலுள்ள அரச தரவு நிலையத்தில் யுபிஎஸ்ஸின் லித்தியம் பெட்டரியிலிருந்து தீ பிடித்தது. 600க்கு மேற்பட்ட அரச சேவைகள் நின்றன. பெரும்பாலானவை பின்னர் மீண்டன. ஆனால் அரச ஊழியர்களின் வேலைக் கோப்புகளை வைத்திருந்த ஜி டிரைவ் என்ற சேமிப்பு முழுவதும் எரிந்துபோனது. 858 டெராபைட். அளவு பெரிது என்பதால் அதற்கு வெளியில் பிரதி எடுக்கப்படவில்லை என்று சொல்லப்பட்டது. 858 டெராபைட் என்பது 24 டெராபைட் டிஸ்க் முப்பத்தாறு. இன்னொரு நகரத்தில் ஒரே ஒரு 60 டிஸ்க் பெட்டி நின்றிருந்தால் அந்தக் கோப்புகள் பிழைத்திருக்கும்.

நம் நாட்டுக் கதையும் உண்டு. 2023 ஆகஸ்டில் இலங்கை அரச கிளவுட்டைக் கப்பம் கேட்கும் தீநிரல் தாக்கியது. அரச மின்னஞ்சல்களில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான தரவு போய்விட்டது. பிரதி இருந்தது, அது அதே வலையமைப்பில் இணைந்திருந்ததால் அதுவும் பூட்டப்பட்டது. ஆகவே இரண்டாவது பெட்டி வேறு இடத்தில் இருந்தால் மட்டும் போதாது, வேறு கடவுச்சொல்லோடும் இருக்க வேண்டும். முதல் சர்வரின் நிர்வாகி நினைத்தாலும் அங்கே போய் அழிக்க முடியாதபடி, குறித்த காலத்துக்குக் கோப்புகளைப் பூட்டிவைக்கும் வசதி இன்றைய சேமிப்பு மென்பொருள்களில் இருக்கிறது. அதை இயக்கி வைப்பதற்கு மேலதிகச் செலவும் பெரிதாக இல்லை.

எங்கே வைப்பது என்பதற்கு நம் மலைகளே பதில் சொல்லிவிட்டன. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களை ஒரே நேரத்தில் உலுக்கியது. வீதி, ரயில், மின்சாரம், தொலைபேசி எல்லாம் ஒன்றாக அறுந்தன. அட்டனில் ஒரு பெட்டி, தலவாக்கலையில் மற்றது என்றால் அது இரண்டு இடம் இல்லை. ஒரே மழை, ஒரே வீதி, ஒரே மின்கம்பி. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடத்தைப் பார்க்காமல் சர்வர் அறைக்கு இடம் தேர்வு செய்யவே கூடாது. இரண்டாவது பெட்டி மலையைவிட்டு இறங்கி இருப்பதே நல்லது. குருநாகல் ஆகலாம், கொழும்பில் வெள்ளம் ஏறாத மேல்தளமும் ஆகலாம்.

அந்தப் பெட்டிக்கு முதல் 390 டெராபைட்டை எப்படிக் கொண்டு போவது? கையில்தான். 24 டெராபைட் டிஸ்க் பதினேழு, மொத்தம் 12 கிலோ. குறியாக்கம் செய்து, பஞ்சுமெத்தைப் பெட்டியில் அடுக்கி, வான் வண்டியில் ஏற்றி அட்டனிலிருந்து ஐந்து மணிநேரத்தில் கொழும்பில் இறக்கினால், பயண நேரத்தை மட்டும் வைத்துப் பார்க்கும்போது நொடிக்கு 170 ஜிகாபிட் வேகம். டிஸ்க்கில் எழுதவும் மறுமுனையில் வாசிக்கவும் தனியாகச் சில நாட்கள் பிடிக்கும், அப்படியும் ஒரு வருடத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. அதன்பிறகு அன்றன்றைய மாற்றத்தை மட்டும் இணைப்பில் அனுப்பினால் போதும். கெமராப் பதிவின் 4.3 டெராபைட்டை நாள்தோறும் அனுப்ப முடியாதுதான். அனுப்பவும் வேண்டாம்.

இங்கேதான் செக்ரோலுக்கு வருகிறேன். எல்லாத் தரவும் ஒரே தரம் இல்லை. கெமராப் பதிவு போனால் 90 நாளில் அது எப்படியும் அழிந்திருக்கும். சம்பவம் நடந்த துண்டுகளை மட்டும் தனியே காப்பாற்றினால் போதும். ஆனால் ஒரு தோட்டத்தின் செக்ரோல், ஒருவர் எத்தனை வருடம் எங்கே வேலை செய்தார் என்பதற்கான சான்று. சேமலாப நிதிக்கும் பணிக்கொடைக்கும் அதைத்தான் தேடி வருவார்கள். 1948இன் குடியுரிமைச் சட்டம் முன்னோர் இங்கே பிறந்ததற்கு ஆதாரம் கேட்டபோது, காட்டக் காகிதம் இல்லாமல் நாடற்றவர்களாக நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். நமக்குப் பதிவேடு என்பது அலுவலக நடைமுறை மட்டும் இல்லை. ஈரத்தில் பூஞ்சை பிடித்து, கரையான் அரித்து, பெக்டரி மூடும்போது போறணைக்குள் போகும் அந்தப் புத்தகங்களை ஸ்கேன் செய்து வைக்க இவ்வளவு பெரிய கருவி ஒரு வாய்ப்பு. ஏ3 பக்கம் ஒன்றை 400 டிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளி) தெளிவில், நிறத்தோடு, சுருக்காமல் வைத்தால் 90 மெகாபைட் சொச்சம். பத்து இலட்சம் பக்கத்துக்கு 93 டெராபைட். நான்கு டிஸ்க்கில் அடங்கும்.

இதற்கு மூன்று பிரதி வேண்டும் என்பேன். இரண்டு பெட்டியிலும் ஒவ்வொன்று, மூன்றாவது மின்சாரமே தொடாத காந்த டேப்பில். 2021இல் வந்த எல்டிஓ 9 வகை டேப் ஒன்று 18 டெராபைட் கொள்ளும். பத்து இலட்சம் பக்கத்துக்கு ஆறு டேப். நீண்டகாலம் வைப்பதற்கு 16 முதல் 25 பாகை வெப்பமும் 20 முதல் 50 சதவீத ஈரப்பதமும் வேண்டும் என்பதால் மலையில் ஈரமுறிஞ்சும் அலுமாரி தேவைப்படும். இந்தப் பதிவுகள் ஆட்களின் தனிப்பட்ட விவரங்கள் என்பதையும் மறக்க முடியாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவற்றைக் காக்கும் பொறுப்பை வைத்திருக்கும் நிறுவனத்தின் மேலேயே சுமத்துகிறது. யார் திறந்தார்கள் என்ற பதிவும் குறியாக்கமும் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும்.

கடைசியாக ஆள். பெட்டியை வாங்கும் செலவுக்கு அனுமதி கிடைப்பதைவிட, அதைப் பார்த்துக்கொள்ள மலையிலேயே இருவரைப் பழக்குவதற்கு அனுமதி வாங்குவது கடினமாக இருக்கிறது. கொழும்பிலிருந்து ஒப்பந்தக்காரர் வந்துதான் டிஸ்க் மாற்ற வேண்டும் என்றால், வீதி மூடிய கிழமையில் இரண்டாவது டிஸ்க்கும் போகும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும். எந்த விளக்கு எரிந்தால் எந்த லாச்சியை இழுப்பது, எதைப் பிடுங்குவது, எதைத் தொடக் கூடாது என்பதை அட்டனிலோ பண்டாரவளையிலோ கணினி படித்துவிட்டு வேலை தேடும் இளைஞர் யாருக்கும் ஒரு மாதத்தில் கற்றுக்கொடுக்கலாம். மாதம் ஒருமுறை எல்லா டிஸ்க்கையும் முழுதாக வாசித்துச் சரிபார்க்கும் வேலையையும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டாவது பெட்டியிலிருந்து ஏதாவது ஒரு தோட்டத்தின் ஒரு வருடச் செக்ரோலை எடுத்து, திறந்து, பக்க எண்ணை மூலத்தோடு ஒப்பிடும் வேலையையும் அவர்களுடைய கடமைப் பட்டியலில் பெயர் போட்டு எழுதிவைக்க வேண்டும்.